மாட்டு டாக்டர் படிப்பால் மனுஷனுக்கு என்ன பிரயோஜனம்?

கேட்டவர் பாவூர்சத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவர். தங்கச்சிக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், தாய்மாமாவைத் தவிர. "மாட்டுக்கு ஊசி போட அஞ்சரை வருஷமா? வாசல்ல ஆராய்ச்சி நிலையம்னு வேற போட்டிருக்கு. மாட்டை ஆராய்ச்சி பண்ணி மனுஷனுக்கு என்ன ஆகப்போவுது?" என்று அவர் கேட்க, தம்பிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாமா இதய வால்வு மாற்றிக்கொண்டவர், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார், அவர் மனசு நோகாத பதிலாக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, தென்காசி, ஆலங்குளம், சங்கரன்கோவில் வட்டாரங்களில் கால்நடை மருந்தகங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாமா கேட்டதில் தப்பே இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சினை ஊசியும் கோமாரி ஊசியும்தான் தெரியும். அவர் சாப்பிடுகிற மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன்.

வால்வு மாற்றியவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் வார்ஃபரின், இல்லாவிட்டால் அதே குடும்பத்து அசெனோகூமரால். விட்டுவிட்டு ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்ப்பதும், கீரையை ஒருநாள் நிறைய, மறுநாள் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்வதும் இந்த மாத்திரைக்காகத்தான். இது மாட்டுத் தொழுவிலிருந்து வந்த மருந்து.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் மாடுகள் விநோதமாகச் செத்தன. கொம்பை அறுத்தாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்காது. விடிந்து பார்த்தால் மாடு விழுந்து கிடக்கும். சில மாடுகளுக்குக் காயமே இருக்காது, உள்ளுக்குள் ரத்தம் கசிந்தே உயிர் போய்விடும். தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒண்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருந்த ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட், மாட்டை விட்டுவிட்டு அது தின்ற தீவனத்தைப் பார்த்தார். குளோவர் என்ற தீவனப் பயிரைக் காயவைத்துப் படப்பு போட்டிருந்தார்கள். அது ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரே படப்பிலிருந்து நல்ல தண்டுகளை ஒரு முயலுக்கும், கெட்டுப்போன தண்டுகளை இன்னொரு முயலுக்கும் போட்டார். நல்லதைத் தின்றது சுகமாக இருந்தது. கெட்டதைத் தின்றது ரத்தக்கசிவில் செத்தது. 1922இல் இதை எழுதினார். சில வருஷம் கழித்து வடக்கு டகோட்டாவில் ரோடெரிக் என்ற கால்நடை மருத்துவர், அந்த மாடுகளின் ரத்தத்தை உறைய வைக்கிற புரோத்ராம்பின் என்ற பொருள்தான் குறைந்துபோகிறது என்று கண்டுபிடித்தார்.

1933 பிப்ரவரியில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஒரு விவசாயி, செத்துப்போன கிடாரியையும், உறையாத ரத்தம் நிறைந்த ஒரு பால்கேனையும், கெட்டுப்போன குளோவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வந்தார். கால்நடை அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்தது பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் வேதியியல் கூடம். அங்கே ஆறு வருஷத்துக்கு மேல் உழைத்து அந்த நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதைப் பார்த்துச் செய்த வார்ஃபரின், 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது, 1954இல் மனிதருக்கு மருந்தாக அனுமதி பெற்றது. பால்கேனில் ரத்தத்தை ஊற்றிக்கொண்டு வந்த அந்த ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மாட்டைக் குழியில் தள்ளிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

மாமாவுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. நோய் பல நேரம் தொழுவில்தான் முதலில் தலைகாட்டும். அதை ஒருத்தர் உன்னிப்பாகப் பார்த்து, "இது ஏன்?" என்று கேட்டு, விடை கிடைக்கும்வரை விடாமல் இருந்தால் அதன் பெயர்தான் கால்நடை ஆராய்ச்சி. பலன் மாட்டோடு நிற்காது.

பூஞ்சணம் என்றதும் நம் ஊருக்கே வந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கறவை மாடு, ஒரு வாரமாகத் தீனி எடுக்கவில்லை, பால் பாதியாகிவிட்டது. கடலைப் புண்ணாக்கு மூட்டையை மண்தரையில், சுவரை ஒட்டிச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு கட்டியை எடுத்து உடைத்தேன். வெளியே பழுப்பாக, சாதாரணமாகத்தான் இருந்தது. உள்ளே மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி, கையில் ஒட்டியது. மக்கின வாடை. அந்த அம்மா, "மேல பூத்தத சுரண்டிட்டு, வெயில்ல ஒருநாள் காயப்போட்டுத்தான் சார் ஊறவைக்கேன்" என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வெயிலில் காய்ந்தால் பூஞ்சணம் சாகும், அது கக்கி வைத்த நஞ்சு சாகாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

அந்த நஞ்சின் பெயர் அஃப்லடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகத்துக்கு இது தெரியவந்தது. என்ன நோய் என்று தெரியாமல் முதலில் வான்கோழி எக்ஸ் நோய் என்று பெயர் வைத்திருந்தார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஈரல் கெட்டிருந்தது. தேடிப்போனால் காரணம் தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் வந்தது. மனிதருக்கு ஈரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்ட பொருள்களில் அஃப்லடாக்சின் ஒன்று. பசு அந்தப் புண்ணாக்கைத் தின்றால், நஞ்சின் ஒரு பகுதி உருமாறி ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடும். அதனால்தான் பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் குடிக்கிற பாலும் அந்தப் பசுவின் பால்தான், மூணு வயசுப் பேத்தி உட்பட. மூட்டையை மாற்றச் சொன்னேன். பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னேன். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூணு, நாலு நாளில் பாலில் அந்த நஞ்சு வருவது நின்றுவிடும். நல்ல புண்ணாக்கு கொடுத்ததும் மாடும் தேறியது.

தீவனத்தைச் சோதித்துச் சொல்லும் கூடம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ரெண்டு மாடு வைத்திருக்கிற நம் ஜனங்கள் அதைத் தேடிப் போவதில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

அடுத்தது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம், கன்று வீச்சு நோய். ஆறு, ஏழு மாசச் சினையில் பசு கன்றை வீசிவிடும். புரூசெல்லா என்ற கிருமி. நம் பக்கத்தில் மாடு கன்று போட்டால் இளங்கொடியை வைக்கோலில் சுருட்டி, சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால்மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகும் என்ற நம்பிக்கை. நல்லபடியாகக் கன்று போட்ட மாட்டின் கொடியைக் கட்டுவதைப் பற்றி நான் பேசவில்லை. வீசின கன்றின் கொடியை வெறுங்கையால் எடுத்துக் கட்டுவதுதான் ஆபத்து. அந்தக் கொடியிலும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் சின்னக் கீறல் போதும்.

மனிதருக்கு வந்தால் காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். சாயங்காலம் சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கும். இடுப்பும் மூட்டும் பிடித்துக்கொள்ளும். டைபாய்டு என்பார்கள், காசநோய் என்பார்கள், வாதம் என்பார்கள். ஆலங்குளம் வட்டாரத்தில் ஒரு கோனார், ஆடும் மாடும் வைத்திருந்தவர், எட்டு மாசம் இப்படி அலைந்தார். நாலு இடத்தில் பார்த்தும் ஒருவரும் "வீட்டில் மாடு உண்டா, கன்று வீசியதா?" என்று கேட்கவில்லை. அவர் மாட்டைக் காட்ட என்னிடம் வந்தபோது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. ரத்தம் சோதிக்கச் சொன்னேன். அதுதான். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டு எழுந்து நடந்தார்.

இந்தக் கிருமி பசுவிடம் இருப்பதை 1897இல் கண்டுபிடித்தவர் டென்மார்க்கில் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பெர்ன்ஹார்ட் பாங். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை 1887இலேயே டேவிட் புரூஸ் பார்த்துவிட்டார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய 1905 ஆனது. சம்மிட் என்ற மால்டாக்காரர் ஆட்டின் ரத்தத்தைச் சோதித்தபோது அகப்பட்டது. பார்க்க நல்ல ஆரோக்கியமான ஆடுகள், பச்சைப்பாலில் கிருமி. நோயாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை பதினெட்டு வருஷம் கண்ணில் படவில்லை.

இப்போது பசுவுக்குப் போடும் எஸ்-19 தடுப்பூசிக்கும் ஒரு கதை உண்டு. ஜான் பக் என்பவர் 1923இல் ஒரு ஜெர்சி பசுவின் பாலில் எடுத்து வளர்த்த கிருமி, ஒரு வருஷத்துக்கு மேல் மேஜையிலேயே மறந்து கிடந்து வீரியம் குறைந்துவிட்டது. அந்தக் கிருமியின் வாரிசுதான் தடுப்பூசி. கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும், 4 முதல் 8 மாச வயசுக்குள், ஆயுசுக்கு ஒரே தடவை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் கிடாரி இருந்தால் அந்த வயசைத் தவற விட்டுவிடாதீர்கள்.

வெறிநாய்க்கடிக்கு வருகிறேன். மாமாவுக்குப் பாஸ்டரைத் தெரிந்திருக்கும். 1885இல் சிறுவன் ஒருவனுக்கு முதல் தடுப்பூசி போட்டவர். அதற்கு ஆறு வருஷம் முன்பே, பிரான்சின் லியோன் கால்நடை மருத்துவப் பள்ளிப் பேராசிரியர் கால்டியே, வெறிநோயை முயலுக்கு ஏற்றிக் காட்டியிருந்தார். முயலில் வளர்த்த கிருமியை வைத்துத்தான் பாஸ்டர் தடுப்பூசி செய்தார். அந்த லியோன் பள்ளிதான் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி, 1761இல் ஏற்பட்டது. கால்டியேயின் பெயர் பாடப்புத்தகங்களில் அதிகம் வராதது எனக்கு வருத்தம்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடையம் பக்கம் ஒரு பசுவைப் பார்க்கப் போனேன். வாயில் எச்சில் கொடி கொடியாக ஒழுகியது. தண்ணி காட்டினால் குடிக்க முடியவில்லை. "மாங்கொட்டை தொண்டையில சிக்கிட்டு" என்றார் வீட்டுக்காரர். மாம்பழக் காலம், எனக்கும் அப்படியே தோன்றியது. உறை போடாமல் முழங்கை வரை கையை விட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. அதன் குரல் மாறியிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. நாலாம் நாள் பசு செத்தது. மூளையைச் சோதனைக்கு அனுப்பினோம். வெறிநோய் என்று வந்தது. மூணு வாரம் முன்பு ஒரு நாய் மூக்கில் கடித்ததாக அடுத்த வீட்டுப் பையன் அப்புறம்தான் சொன்னான். நானும் அந்த வீட்டில் பசுவின் எச்சில் பட்ட எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டோம். பால் குடித்த தெருக்காரர்கள் எல்லாம் பயந்துபோய் வந்து நின்றார்கள். காய்ச்சின பாலில் அந்தக் கிருமி உயிரோடு இருக்காது என்று ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினேன். மூளைத் துணுக்கில் ஒளிரும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகளாகக் காட்டுகிற அந்தச் சோதனை இல்லாவிட்டால், "மாங்கொட்டை" என்றே எழுதிவிட்டுப் போயிருப்பேன். இன்று இதை எழுத நானே இருந்திருக்க மாட்டேனோ என்னவோ.

உலகில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள் என்பது கணக்கு. ஏறக்குறைய எல்லாம் நாய் வழி வருவது. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்று கண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மனிதருக்கு ஊசி போட்டு மட்டும் இதை ஒழிக்க முடியாது. கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாய் பெருகியதற்கும் ஒரு மருந்துக்கும் உறவு இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊருக்கு வெளியே மாடு செத்துக் கிடந்தால் ஒரு பொழுதில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், வந்து இறங்கும். அந்தி சாய்வதற்குள் எலும்புதான் மிஞ்சும். 1990களில் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி மலிவாக வந்தது. காய்ச்சல், வலி, வீக்கம் எல்லாவற்றுக்கும் போட்டோம். நானும் நூற்றுக்கணக்கான மாடுகளுக்குப் போட்டிருக்கிறேன். ஊசி போட்ட சில நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பாறுக்குச் சிறுநீரகம் நின்றுபோகும். அறுத்துப் பார்த்தால் ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99க்கு மேல் அழிந்துவிட்டது. ஏன் என்று பல வருஷம் யாருக்கும் விளங்கவில்லை. லின்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை ஆய்வாளரும் கூட்டாளிகளும் பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்து ஆராய்ந்து 2004இல் டைக்ளோஃபெனாக்தான் காரணம் என்று நிரூபித்தார்கள். இந்தியா 2006இல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தது. பாறுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் அதற்கு மாற்றாக வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் தடைப் பட்டியலில் சேர்ந்தன.

பாறு போனதும் பிணங்கள் அழுகிக் கிடந்தன, நாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை ஐந்து வருஷத்தில் இந்தியாவில் ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். மாட்டுக்கு நல்லது என்று நினைத்து நான் போட்ட ஊசி எங்கே போய் முடிகிறது பாருங்கள். பக்கத்தில் கழுகுமலை என்று ஊர்ப்பேரே இருக்கிறது. இன்று மாநிலத்தில் பாறு பார்க்க வேண்டுமானால் முதுமலை, மாயாறு பக்கம்தான் போக வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நடுகிறவர்களுக்கு வருகிற எலிக்காய்ச்சலில், நோயாளியின் ரத்தத்தை லெப்டோஸ்பைரா கிருமியின் பல வகைகளோடு தனித்தனியே சேர்த்துப் பார்த்தால், அது எலியிடமிருந்து வந்ததா மாட்டிடமிருந்து வந்ததா என்றுகூட ஓரளவு அனுமானிக்கலாம். எலியை ஒழிப்பதா, மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பதா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இதில் வெகுநாளாக வேலை செய்கிறது. காசநோய்க்குக் குழந்தை பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி. ஊசியில் கடைசி எழுத்து கெரான், அவர் ஒரு கால்நடை மருத்துவர். அந்தக் கிருமியும் மாட்டுக் காசநோய்க் கிருமியின் வழி வந்ததே. ஊர் ஊராக மாடுகளைக் கொன்ற மாட்டு வெக்கை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான்.

நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கியது, நாட்டிலேயே இந்தத் துறைக்கு முதல் பல்கலைக்கழகம். இராமையன்பட்டிக் கல்லூரி 2012இல் வந்தது. வீட்டுக்கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்குத் தீனிபோலப் போட்டுத் தின்னவைக்கிற தடுப்பு மருந்து இந்தப் பல்கலைக்கழகம் செய்தது. மடிவீக்கத்துக்குக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 10 கிராம் அரைத்துப் பூசுகிற முறையைப் பரப்பியதும் இவர்கள்தான். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் மடிக்கு ஏற்றுகிற ஆன்டிபயாடிக் பாலில் இறங்கி நம் வயிற்றுக்கு வருகிறது. அது குறைகிற ஒவ்வொரு தொழுவும் மனிதருக்கு லாபம். கோலிஸ்டின் போன்ற கடைசிக் கட்ட மருந்தைக் கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019இல் தடை போட்டதும் இதே கவலையில்தான்.

எல்லா ஆராய்ச்சியும் இப்படிப் பலன் தந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டத்துக்காக எழுதி நூலகத்தில் தூங்குகிற ஆய்வேடுகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. ஊரிலிருந்து கேள்வி போகாவிட்டால் அப்படித்தான் ஆகும். சும்மா ஆடு செத்தால் புதைத்துவிட்டு வருகிறோம். அடுத்த தடவை, வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனத்திலும் கறுத்த ரத்தம் வந்து திடீரென்று செத்திருந்தால் மட்டும் தொடவே தொடாதீர்கள், அறுக்காதீர்கள், அது ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பானாக இருக்கலாம், டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள். மற்றபடி ஆடோ கோழியோ காரணம் தெரியாமல் செத்தால், அழுகுவதற்குள் ஐஸ் வைத்துக் கட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். உங்கள் தங்கச்சி அங்கே அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள்.

அவளுக்கு ரெண்டே சொல்: சேர்ந்தவுடன் வெறிநாய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளட்டும். எச்சில் ஒழுகுகிற மாட்டின் வாயில், மாங்கொட்டை என்று யார் சத்தியம் பண்ணினாலும், உறை இல்லாமல் கை விடக் கூடாது. மாமாவிடம் மாத்திரை அட்டையை வாங்கி, அதில் உள்ள பெயரைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு அந்தப் பால்கேன் கதையைச் சொல்லுங்கள்.